சுடுகாட்டுக் கதை பிள்ளைக்கு ஆகாதா?

பேயும் சாவும் வரும் மாயக்கதைகளை வளரும் பிள்ளைகளிடம் கொடுக்கப் பெற்றோர் பலர் தயங்குகின்றனர். 1947-ல் தோன்றிய 'அம்புலிமாமா'வில் அவர்களே படித்த விக்கிரமாதித்தன் கதையைச் சற்று நினைத்துப் பார்க்கட்டும். நள்ளிரவு, சுடுகாடு, மன்னன் தோளில் பிணம். ஓவியர் சங்கர் தீட்டிய அந்தப் படத்தைக் கண்டு நடுங்காத சிறுவர் குறைவு.

ஆனால் அதில் ஆபாசம் இல்லை. இரத்தத்தைக் காட்டி மகிழ்விக்கும் வேலையும் இல்லை. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். சொன்னாலோ வேதாளம் மரமேறிவிடும். மன்னன் சலிக்காமல் திரும்பிப் போய் இறக்கி வருகிறான்.

வீட்டில் சாவைக் கண்ட பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு, சாவே இல்லாத கதை பொய்யாகத்தான் படும். எழுதுவோர் அதை ஒளிக்க வேண்டாம். சுமப்பவனை நடுவழியில் கைவிடாதிருந்தால் போதும்.

அந்த இதழ் இப்போது வருவதில்லை. பரணில் பழைய பிரதி கிடந்தால், தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டலாம்.