தேவ்நாரின் பெருக்கம் யார் கணக்கு?

தேவ்நாரில் ஜனத்தொகை பெருகுகிறது என்றால் உடனே விரல் நம் பக்கம் நீளுகிறது. வந்துகொண்டே இருக்கிறார்களாம், பெற்றுக்கொண்டே இருக்கிறார்களாம்! இரண்டும் வேறு வேறு கணக்கு என்பது பேசுகிறவர்களுக்குத் தெரிவதில்லை. பிறப்பில் இறப்பைக் கழித்தால் நிற்பது இயற்கைப் பெருக்கம். ஆட்கள் வருவதும் போவதும் தனி.

2001-க்கும் 2011-க்கும் இடையே மராட்டியத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் மக்கள் தொகை 4.8 சதவீதம் குறைந்தது, சிந்துதுர்க்கில் 2.2 சதவீதம். தானேயிலோ 36 சதவீதம் ஏறியது. கொங்கணத்துத் தாய்மார் பிள்ளை பெறுவதை நிறுத்திவிட்டார்களா? இல்லை. பிள்ளை பெறும் வயதினர் பிழைப்புக்காக மும்பைக்கும் தானேக்கும் வந்தார்கள். முதியோர் ஊரில் தங்கினார்கள். அங்கே ஆட வேண்டிய தொட்டில் இங்கே ஆடுகிறது. மும்பைக்குள்ளேயே நகர மாவட்டம் 33.38 லட்சத்திலிருந்து 30.85 லட்சமாக இறங்கிற்று. புறநகர் 93 லட்சத்தைத் தாண்டிற்று.

நம் பகுதி நிறைந்ததில் சர்க்காரின் கையும் உண்டு. 1976-இல் ஜனதா காலனியை இடித்து, அங்கிருந்தவர்களைச் சீத்தா கேம்ப்புக்குத் தள்ளினார்கள். பின்னர் ரயில் பாதையோரக் குடிசைக்காரர்களைப் பெயர்த்து மான்குர்த் லல்லுபாய் காம்பவுண்டில் கொண்டுவந்து வைத்தார்கள். இதை எந்தப் பெருக்கத்தில் சேர்ப்பது?

நம் வீட்டுக் கணக்கு இன்னும் வேடிக்கையானது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்று பெண்ணை நெல்லைக்கு ரயிலேற்றி விடுகிறோம். 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிறந்த இடத்தில்தான் பிறப்பைப் பதிய வேண்டும். ஆகவே பிள்ளை நெல்லையின் பிறப்புக் கணக்கில் ஏறுகிறது. மூன்றாம் மாதம் தாயின் மடியில் தேவ்நார் வந்து சேர்ந்தால், சென்ஸஸ் கணக்கில் அது இடம்பெயர்ந்தவர் பட்டியலில் விழுகிறது. பிறந்தபின் இடம்பெயர்ந்தோர் என்று 2001 சென்ஸஸில் தனிப் பிரிவே வைத்தார்கள். அப்பன் இங்கே பிறந்திருப்பான், பாட்டன் இங்கே உழைத்து மாண்டிருப்பான். தொட்டில் பிள்ளை மட்டும் வெளியூர்க்காரன்! நம் எண்ணிக்கையைக் காட்டி நம்மைத் திட்டுகிறவர்கள் இந்தப் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் 'வந்தவர்கள்' என்கிறார்கள்.

தொகுதி பிரிக்கிறபோது இந்தப் பேதம் கிடையாது. மும்பையில் நகரத்துக்கு 17, புறநகருக்கு 17 என்றிருந்த சட்டமன்ற இடங்கள் 2008 சீரமைப்பில் 10 என்றும் 26 என்றும் ஆயின. தலையை எண்ணித்தான் கொடுத்தார்கள். எங்கே பிறந்தாய் என்று கேட்டல்ல. அப்படியிருக்க, பள்ளிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நாம் போய் நிற்கையில் மட்டும் ஏன் அந்தக் கேள்வி?

பேறுகாலத்துக்குப் பெண்ணை ஊருக்கு அனுப்பும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. பிறந்த 21 நாளுக்குள் அங்கேயே பதிந்து, சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்டு ரயிலேறுங்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளியில் சேரவும், பிற்பாடு வாக்காளர் பட்டியலில் ஏறவும் அந்தத் தாளைத்தான் கேட்பார்கள்.