கோதுமை படாத கொலு பொம்மை

போன வருஷம் கொலுவுக்கு முன்னால், எங்கள் அபார்ட்மென்ட் வாண்டுகளை உட்கார வைத்து மாவு பொம்மை செய்தோம். வழக்கமாக மைதாவும் உப்பும் சேர்த்துப் பிசைவதுதான். ஆனால், எதிர்வீட்டு ஆறு வயதுப் பொடியனுக்குக் கோதுமை அலர்ஜி. 'அதனாலென்ன, அரிசி மாவில் பிசைந்தால் போச்சு' என்று பிசைந்து, தேய்த்தும் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் பையன் கையைச் சொறிய ஆரம்பித்தான். மணிக்கட்டு வரை தடிப்புத் தடிப்பாகச் சிவந்துவிட்டது.

அவன் அம்மா ஓடிவந்து கையைக் கழுவிவிட்டு, டாக்டர் எழுதித் தந்திருந்த மருந்தைக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் அடங்கியது. என்னைத் திட்டவில்லை. இரண்டே கேள்விதான் கேட்டார். "அக்கா, மாவு எங்க அரைச்சது? எந்தப் பலகையில தேய்ச்சீங்க?"

மாவு, மில்லில் அரைத்தது. எனக்கு முன்னால் நின்றவர் அரைத்தது கோதுமை! பலகையோ, பத்து வருஷமாகச் சப்பாத்தி தேய்க்கிற மரப்பலகை. எத்தனை கழுவினாலும் அதன் கீறல்களில் மாவு இருக்கத்தான் செய்யும். இது எனக்கு உறைக்கவே இல்லை.

கடையில் விற்கும் களிமாவு வாங்கலாமே என்று தோன்றும். பிளே-டோவில் கோதுமை இருக்கிறது. தயாரிப்பாளர்களே அதைச் சொல்கிறார்கள். மற்றவற்றிலும் பெட்டியைத் திருப்பிப் படித்துவிட்டே வாங்குங்கள்.

இந்த வருஷம் அவன் அம்மாவிடம் முதலில் கேட்டுவிட்டு ஆரம்பித்தேன். கார்ன்ஃப்ளார் அரை கப், ஆப்ப சோடா 1 கப் (100 கிராம் பாக்கெட் இரண்டு போதும்), தண்ணீர் அரை கப்புக்குச் சற்று மேலே. கார்ன்ஃப்ளார் பாக்கெட்டிலும் கோதுமை பற்றிய எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். அலுமினியம் வேண்டாம், சோடா பட்டால் கறுக்கும்; எவர்சில்வர் பாத்திரத்தில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறுங்கள். முதலில் பால் மாதிரி இருக்கும், 'இது எங்கே இறுகப்போகிறது' என்று அலுத்துக்கொள்ளும்போது சட்டென்று மசித்த உருளைக்கிழங்கு பதத்துக்கு வந்துவிடும். உடனே இறக்கி, ஈரத்துணி போட்டு மூடி ஆறவிடுங்கள். (சப்பாத்தி சுற்றி வைக்கிற துணி வேண்டாம்!) ஆறியதும் பிள்ளைகளே பிசையலாம். கையில் ஒட்டினால் ஒரு சொட்டு எண்ணெய். கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் சில பிள்ளைகளுக்கு ஆகாது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பலகைக்குப் பதில் எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்துக்கொண்டோம். மைதாவை இழுவையாக்குவது குளூட்டன். அது இதில் இல்லாததால் மெல்லிசாகத் தேய்த்தால் விண்டுபோகும். அரை சென்டிமீட்டர் கனம் இருக்கட்டும். தோரணம் கட்டுவதென்றால் ஈரமாக இருக்கும்போதே ஸ்ட்ராவால் ஓட்டை போட்டுவிடுங்கள். வெயிலில் வைத்தால் வெடிக்கும். நிழலில், திருப்பித் திருப்பி வைத்து, இரண்டு நாள் காயட்டும்.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது மஞ்சள் தூள் சேர்த்ததுதான். மஞ்சள் உருண்டை வரும் என்று பார்த்தால் செங்கல் நிறத்துக்கு மாறியது. ஆரத்தித் தண்ணீரில் சுண்ணாம்பு செய்கிற அதே வேலையைச் சோடா இங்கே செய்கிறது. 'மேஜிக், மேஜிக்' என்று கத்தி, பாதி மாவையும் சிவப்பாக்கிவிட்டார்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். இதில் பெரும்பங்கு சோடா. வாயில் வைக்கிற வயதுக் குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள். அலர்ஜி உள்ள பிள்ளைக்கு உதடு வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, 'கொஞ்சம் பார்க்கலாம்' என்று உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மற்ற பிள்ளைகள் யானை, பழக்கடை என்று செய்தார்கள். எங்கள் பொடியன் மட்டும் ஒன்றரை மணி நேரம் நகரவில்லை. கொலுவில் செப்புச் சாமானுக்குப் பக்கத்தில் வைக்க, காசு அளவில் ஆறு சப்பாத்தி செய்தான். நடுவில் மஞ்சள் தூளைத் தொட்டு, தீய்ந்த புள்ளிகள்கூட வைத்திருந்தான்.