கல்லாவில் அமர்ந்த காவலன்

கஞ்சாவையும் சட்டப்படி கடையில் வைத்து விற்றால் என்ன என்ற கேள்வி இன்று நம் நாட்டில் நாகரிகமான கேள்வியாகிவிட்டது. 2019ஆம் ஆண்டிலேயே இதன் மீதான தடையை எதிர்த்துத் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் அவையின் போதைப்பொருள் ஆணையம், மிகக் கொடியவற்றின் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்க 27க்கு 25 என்ற வாக்குகளில் முடிவெடுத்தபோது, இந்தியாவும் நீக்கத்திற்கே வாக்களித்தது. கனடா 2018 அக்டோபர் 17 முதல் விற்பனையை நாடு முழுவதும் சட்டப்படியாக்கியது. “அங்கே நடப்பது இங்கே ஏன் கூடாது?” என்று படித்த இளைஞர்கள் கேட்கிறார்கள். நம் பங்குகளின் பிள்ளைகளும் அவர்களுள் உண்டு. அதட்டி அடக்குவது விடையாகாது. ஆகவே விடை கூற முற்படுகிறோம்.

அவர்கள் தரப்பை முதலில் நேர்மையோடு எடுத்துரைப்போம். தடை இருந்தும் கஞ்சா கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது என்பது ஒன்று. தரமும் அளவும் அறியாத சரக்கைவிட முத்திரையிட்ட பொட்டலம் மேல் என்பது இரண்டு. கள்ளச்சந்தைக்குப் போகும் பணம் கருவூலத்திற்கு வரும் என்பது மூன்று. ஏழை வீட்டுப் பிள்ளை சிறைக்குப் போகிறான், வசதி படைத்தவன் தப்பிவிடுகிறான் என்பது நான்கு. இவை புதிய வாதங்கள் அல்ல. 1893-94இல் வெள்ளையர் ஆட்சி அமைத்த இந்தியக் கஞ்சா விசாரணைக் குழுவும், முழுத்தடை வேண்டாம், உரிமம் கொடுத்து வரி விதித்துக் கட்டுப்படுத்துக என்றே பரிந்துரைத்தது. அக்காலத்தில் சென்னை மாகாணத்திலும் உரிமம் பெற்ற கஞ்சாக் கடைகள் இருந்தன.

நான்காவது காரணம் உண்மை என்பதை நாம் மறுக்கவில்லை. அதற்குப் பின்னர் வருவோம். ஏனைய மூன்றையும் தமிழகம் முன்பே கேட்டிருக்கிறது. மதுவின் பெயரால் கேட்டிருக்கிறது. அவற்றின் விளைவையும் நம் தெருக்களிலேயே கண்டுவருகிறோம்.

இராஜாஜி 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிவைத்த மதுவிலக்கு 1971இல் தளர்த்தப்பட்டது. இடையிடையே கதவு மூடியும் திறந்தும் வந்தது. 1983இல் மொத்த விற்பனைக்கென டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் அரசே ஏற்றது. தனியார் முதலாளிகளின் கொட்டம் அடங்கும், போலிச்சரக்கு ஒழியும், வருவாய் கசியாது, அரசின் கையில் இருந்தால் ஒழுங்கு இருக்கும் என்றெல்லாம் சொல்லப்பட்டது. கடைக்கு நேரம் உண்டு, வாங்குவோர்க்கு வயது வரம்பு உண்டு, பள்ளிக்கும் வழிபாட்டுத் தலத்திற்கும் இத்தனை மீட்டர் தூரம் என்ற கணக்கும் உண்டு. ஏட்டில் எதுவும் குறைவில்லை.

குறை எங்கே இருக்கிறது? கல்லாவில் இருக்கிறது. 2003-04இல் மதுவினால் அரசுக்குக் கிடைத்த வருவாய் ஏறத்தாழ 3,600 கோடி ரூபாய். 2024-25இல் அது 48,344 கோடி. விலையேற்றமும் வரியேற்றமும் இதில் அடக்கம் என்பது மெய்யே. ஆயினும் இத்தனை பெருந்தொகையை நம்பி வரவுசெலவுத் திட்டம் போடும் அரசு, குடி குறைய வேண்டுமென்று மனமார விரும்புமா? கடையிலே வேலை பார்ப்போர் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுக்கும் குடும்பம் உண்டு. ஆகக் கடையைத் திறப்பது ஓர் ஆணையால் முடிந்தது. மூடுவதற்கோ ஓர் ஆட்சியின் துணிவு முழுவதும் போதவில்லை. காவலனே கல்லாவில் அமர்ந்துவிட்டால், அவன் கண் கதவின் மேல் இராது, பெட்டியின் மேல்தான் இருக்கும்.

வெறும் பேச்சல்ல இது. குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில், பள்ளிக்கும் வழிபாட்டுத் தலத்திற்கும் அருகிலிருந்த மதுக்கடையை அகற்றக் கோரி 2015 ஜூலை 31 அன்று அலைபேசிக் கோபுரத்தில் ஏறிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் அங்கேயே உயிர் நீத்தார். ஒரு கடையை இடம் மாற்ற ஓர் உயிர். நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாதென்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. மூடப்பட்ட கடைகள் ஓய்ந்துபோகவில்லை. ஊர்களின் உட்பகுதியில் இடம் தேடின. எதிர்த்து நின்ற பெண்கள் மீது 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் தடியடி நடந்ததை நாடே கண்டது. யாரைக் காக்க வேண்டிய தடி, எதைக் காக்க ஓங்கியது?

கனடாவை எடுத்துக்காட்டுவோர் அதன் மறுபாதியையும் காட்ட வேண்டும். ஒன்றாரியோ மாகாணத்தில் கடைகள் வருமுன், வேண்டாம் என்னும் நகராட்சிகள் விலகிக்கொள்ள 2019 ஜனவரி 22 வரை அவகாசம் தரப்பட்டது. நம் தமிழர் பெருந்தொகையாய் வாழும் மார்க்கம் நகரம் அவ்வாறே விலகிக்கொண்டது. “எங்கள் ஊரில் வேண்டாம்” என்ற சொல்லுக்கு அங்கே சட்டத்தின் வலிமை இருந்தது. நம் கிராமசபைகள் எத்தனை தீர்மானங்களை நிறைவேற்றியிருக்கின்றன! இறுதிச் சொல் இன்னும் ஊரின் கையில் இல்லை. அத்தனை கட்டுப்பாட்டோடு தொடங்கிய ஒன்றாரியோவிலும், முதலில் 25 உரிமங்களாயிருந்தவை சில ஆண்டுகளிலேயே ஆயிரத்தைத் தாண்டின. கடைக்குப் பெருகுவதே இயல்பு. தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. கடைகள் ஆயிரக்கணக்கில் முளைத்தன. 2025 ஜூனில் மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று அந்த அரசே பின்வாங்க நேர்ந்தது.

சட்டக்கடை வந்தால் கள்ளச்சரக்கு மறையும் என்பார்க்கு ஒரே ஒரு பெயரைச் சொல்வோம்: கள்ளக்குறிச்சி. ஊர்தோறும் அரசுக்கடை இருந்த தமிழகத்தில்தான் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்ட ஏழைகள் மாண்டனர். கடை விலை கொடுக்க இயலாதவன் கள்ளச்சாராயத்தைத் தேடிப் போகிறான். கஞ்சாவிற்கு வரி போட்டு விலையேற்றினாலும் கதை இதுவேயாகும். இன்னொரு கணக்கும் உண்டு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கஞ்சாப் பூவைத் தடுத்தது, இலையை விட்டுவிட்டது. அதனாலேயே வடநாட்டில் சில மாநிலங்களில் உரிமம் பெற்ற பாங்குக் கடைகள் உள்ளன. 2019இல் வெளியான நாடளாவிய ஆய்வின்படி, சட்டம் ஏற்ற பாங்கைப் பயன்படுத்துவோர் ஏறத்தாழ 2.2 கோடி, சட்டம் விலக்கிய கஞ்சாவையும் சரசையும் பயன்படுத்துவோர் 1.3 கோடி. வழக்கமும் சமயச் சடங்கும் இதில் பங்கு பெறுகின்றன என்பது சரியே. எனினும் சட்டத்தின் அனுமதி பழக்கத்தைக் குறைக்கும் என்பதற்கு இக்கணக்கு சான்றாகாது.

இனி நம் தென்காசிச் சீமைக்கு வருவோம். சாரல் காலத்தில் குற்றாலத்திற்கு வரும் மக்கள் வெள்ளத்தை நாமறிவோம். பேரருவியும் ஐந்தருவியும் பழைய குற்றாலமும் ஏழைக்கும் செல்வர்க்கும் இறைவன் இலவசமாய் அளித்த கொடை. அங்கே மனைவி மக்களோடு நீராட வருவோர், போதையில் தள்ளாடும் கூட்டத்திற்கு அஞ்சி ஒதுங்குவதும், உடைந்த புட்டிகளுக்குப் பயந்து காலடி வைப்பதும் நாம் காணாத காட்சியா? இதன்மேல் கஞ்சாக் கடையும் வந்தால், சுற்றுலா வளர்ந்தது என்று கணக்கெழுதவும் ஆளிருக்கும். மற்றொரு பக்கம், கடையநல்லூரிலும் ஆலங்குளத்திலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் முறத்தை மடியில் வைத்துப் பொழுதெல்லாம் பீடி சுற்றும் தாய்மார்கள். ஆயிரம் பீடிக்கு அவள் பெறும் கூலி, மாலையில் கணவன் கைக்குப் போய், இரவில் அரசின் கல்லாவில் விழுகிறது. அடுத்த கடை திறந்தால் அங்கே போய் நிற்கப்போகிறவன் அவளுடைய மகன். வருவாய் வருவாய் என்கிறார்களே, அது யாருடைய வருவாய்?

நாம் மதுவையே பாவம் என்று பழிப்பவரல்லர். கானாவூரில் திராட்சை இரசம் தந்தவரைத் தொழுகிறோம். ஆனால் ஆண்டவர் கடை வைக்கவில்லை. மருத்துவத் தேவையின்றிப் போதைப்பொருளைப் பயன்படுத்துவது பெருங்குற்றம் எனத் திருச்சபையின் மறைக்கல்வி உரைக்கிறது. பயன்பாட்டைத் தளர்த்துவதால் அடிமைத்தனம் குறையாது என மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2014இலும் 2024இலும் எச்சரித்தார். போதைதரும் மதுவையும் மருந்துப்பொருளையும், மருத்துவத் தேவை நீங்கலாக, விலக்க அரசு முயல வேண்டுமென்று நம் அரசியல் சாசனத்தின் 47ஆம் விதி கூறுவதும் இதையேயன்றோ?

இப்போது அந்த நான்காவது காரணம். ஒரு கிலோவிற்குட்பட்ட கஞ்சாவோடு பிடிபடும் இளைஞனுக்கு ஓராண்டு வரை கடுங்காவல் விதிக்கச் சட்டம் இடந்தருகிறது. சிறை அவனைத் திருத்தாது. தேர்ந்த குற்றவாளிகளோடு பழக்கிவிடும். அடிமைப்பட்டவர் தாமே முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விடுவிக்க அதே சட்டத்தின் 64-ஏ பிரிவு வழி வகுக்கிறது. அந்த வாசலை அகலத் திறக்கட்டும். சிறைக்கு மாற்று சிகிச்சையேயன்றிக் கடை அன்று.

எனவே நாம் கேட்பவை இவை: கஞ்சா எந்தக் காலத்திலும் சில்லறைக் கடைக்கு வராது என்று அரசு தெளிவாக அறிவிக்க வேண்டும். மருந்தாக வேண்டுமெனில் மருத்துவர் வழியே வரட்டும். மதுக்கடையை மறுக்கும் கிராமசபைத் தீர்மானத்திற்குச் சட்ட வலிமை வேண்டும். வட்டந்தோறும் அரசு மருத்துவமனையில் போதை மீட்புச் சிகிச்சை கிடைக்க வேண்டும். நம் பங்குகளும் வாளாவிருத்தல் தகாது. மீட்புக் கூட்டங்களுக்குப் பங்கு மன்றங்களைத் திறந்துவிடுவோம்; குடியால் குலைந்த வீட்டை அன்பியங்கள் தேடிச் செல்லட்டும்; அடுத்த கிராமசபை கூடும் நாளில் நம் வீட்டுப் பெண்கள் முன்வரிசையில் அமரட்டும். திறந்த கடையை மூடுவது எத்தனை கடினம் என்பதைக் கண்ட மக்கள் நாம். திறவாத கடையின் வாசலில் இன்றே நிற்போம்.