ஆறாவது ஆள் எங்கே?

பள்ளி ஆண்டு மலர் என்றால் தலைமையாசிரியரின் உரையும், மாணவர் கட்டுரைகளும், விளையாட்டுப் போட்டி முடிவுகளும் இடம்பெறுவது வழக்கம். இவற்றினிடையே பெற்றோராகிய எங்களுக்கும் ஓரிடம் அளித்திருக்கிறார்கள். அவ்விடத்தை வாழ்த்துக் கூறி நிரப்பிவிடாமல், சில மாதங்களாக எங்கள் மனத்தில் இருந்துவரும் ஒரு கருத்தைச் சொல்ல விழைகிறோம். அது வீட்டில் பிள்ளைகளுக்கு நூல் படித்துக் காட்டுவதைப் பற்றியது.

எங்கள் மகள் இப்பள்ளியில் இரண்டாம் ஆண்டில் பயில்கிறாள். இரவில் அவள் உறங்கப் போகுமுன், கால்மணி நேரம் ஒரு நூலை வாய்விட்டுப் படித்துக் காட்டி வருகிறோம். ஒருநாள் தந்தை, மறுநாள் தாய் என்பது முறை. முதன்முதலாக நாங்கள் எடுத்துக்கொண்ட நூல் 'பரமார்த்த குருவின் கதை'. எங்கள் இளமைக் காலத்தில் எங்களை வயிறு வலிக்கச் சிரிக்க வைத்த நூல் அது.

இக்கதையை எழுதியவர் வீரமாமுனிவர் என்பதை நம்மில் பலர் அறிவோம். 1680ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டில் பிறந்த அவருடைய இயற்பெயர் பெஸ்கி. சமயப் பணிக்காகத் தமிழகம் வந்து, வளர்ந்த பிறகே தமிழ் கற்றவர் அவர். அவ்வாறு கற்ற மொழியில் 'தேம்பாவணி' என்னும் காப்பியத்தையும், 'சதுரகராதி' என்னும் அகராதியையும் இயற்றினார். முன்னாளில் எகர ஒகரக் குறில்களின்மேல் புள்ளியிட்டு, அவற்றை நெடில்களினின்று வேறுபடுத்தி வந்தனர். ஓலைச் சுவடியில் அப்புள்ளி பெரும்பாலும் விடுபட்டுப் போகும். அதனால் படிப்பவர் தடுமாறுவர். இன்று நம் பிள்ளைகள் 'எ' என்றும் 'ஏ' என்றும் ஐயமின்றி எழுதவும் படிக்கவும் முடிகிறதென்றால், அது அம்முனிவர் செய்த எழுத்துச் சீர்திருத்தத்தின் பயனாகும். அவர் எழுதிய இக்கதையைப் பாபிங்டன் என்பார் 1822ஆம் ஆண்டில் ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டன் மாநகரில் அச்சிட்டு வெளியிட்டார். அவ்வாறு அச்சேறி இருநூறு ஆண்டுகள் கடந்துவிட்டன.

ஆயினும் எங்களுக்கு இக்கதை முதலில் அச்சு நூலின் வழியாக வரவில்லை. பாட்டியின் வாய்மொழியாகவே வந்தது. பாட்டி பால்மரம் சீவியவர். சம்பள நாளில் கைநாட்டு வைத்தவர். தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வேண்டுமென்று பெண்பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திவிட்ட காலம் அது. பள்ளி வாசலை மிதியாத பாட்டிக்கு இக்கதை எப்படித் தெரிந்தது? லயத்தில் எழுத்தறிந்தவர் ஒருவர் இருந்தாராம். மாலையில் அவர் விளக்கருகே அமர்ந்து படிக்க, மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்பார்களாம். 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்', 1935இல் தொடங்கிய 'தமிழ் முரசு' ஆகிய நாளிதழ்களும் அவ்வாறே ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்கும்படி தோட்டங்களில் உலவின. படிக்கத் தெரியாதவர்க்கும் நூல் சென்று சேர்ந்தது. அதற்குக் காரணம் யாரோ ஒருவர் வாய்விட்டுப் படித்ததே அன்றோ? அந்தத் 'தமிழ் நேசன்' 2019ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. லயத்து விளக்கருகே கூடிய கூட்டமும் இன்று இல்லை. எழுத்தறிந்தவர் பெருகிய காலத்தில், படித்துக் காட்டுவோர் அருகிப் போயினர்.

எங்கள் வீட்டில் முதல் இரவு நடந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். கூட்ட அறிக்கை வாசிப்பது போல விரைந்து படித்தோம். இரண்டு பக்கம் முடிவதற்குள் மகள் கொட்டாவி விட்டாள். குற்றம் நூலில் இல்லை, படித்த முறையில்தான் என்று உணர்ந்தோம். மறுநாள் மெதுவாகப் படித்தோம். குருவுக்கு ஒரு குரல், சீடர்களுக்கு ஒரு குரல் என மாற்றிப் படித்தோம். கடினமான சொல் வந்தால் நிறுத்திப் பேச்சு வழக்கில் பொருள் சொன்னோம். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பிச் சீடர்கள் விலை கொடுத்து வாங்கும் பகுதியைக் கேட்டபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்த நாள் அடுப்படியில் கிடந்த பூசணிக்காயைத் தட்டிப் பார்த்து, இது எப்பொழுது பொரிக்கும் என்று கேட்டாள்.

இன்னொன்றும் நேர்ந்தது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்பன அந்த ஐந்து சீடர்களின் பெயர்கள். மகள் மறுநாளே தன் தம்பியை 'மட்டி' என்று அழைக்கத் தொடங்கினாள்! பழைய நூல்களில் இன்றைக்கு ஒவ்வாத சொற்களும் இருக்கத்தான் செய்யும். 'மிலேச்சன்' என்பது அயலாரை இழிவாகச் சுட்டிய பழஞ்சொல். கதையில் வரும் பெயர் வேறு, பிறரை நாம் அழைக்கும் முறை வேறு என்று அருகில் அமர்த்திச் சொன்னோம். பிள்ளை தனியே படித்திருந்தால் இதனை யார் சொல்லியிருப்பார்? படித்துக் காட்டுவதன் நன்மைகளுள் இதுவும் ஒன்று. நூல் பேசும்போது பெற்றோரும் அருகிலிருந்து பேச முடிகிறது.

இனி நாங்கள் சொல்ல வந்த கருத்துக்கு வருவோம். அந்நூலில் ஆற்றைக் கடக்கும் கதை எல்லாரும் அறிந்ததே. ஆறு விழித்திருக்கிறதா, உறங்குகிறதா என்று பார்க்க எரிகிற கொள்ளிக்கட்டையை நீரில் தோய்க்கிறார்கள். சீறிப் புகை கிளம்பவே, ஆறு விழித்திருக்கிறதென்று அஞ்சி ஓடுகிறார்கள். பிறகு அணைந்த கட்டையைத் தோய்த்து, ஓசை எழாதது கண்டு, ஆறு உறங்கிவிட்டதென்று துணிந்து கடக்கிறார்கள். கரையேறியபின் எல்லாரும் வந்துவிட்டோமா என்று எண்ணுகிறார்கள். குருவும் சீடர்களுமாக ஆறு பேர். எண்ணுகிறவனோ தன்னை விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும் எண்ணுகிறான். ஐந்துதான் வருகிறது. யார் எண்ணினாலும் ஐந்துதான்! ஒருவனை ஆறு விழுங்கிவிட்டதென்று கதறி அழுகிறார்கள். அவ்வழியே வந்த ஒருவன் ஒவ்வொருவர் முதுகிலும் ஓர் அடி வைத்து எண்ணிய பிறகே ஆறாவது ஆள் கிடைக்கிறான்.

மகள் தன் விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அவர்கள் ஏன் தங்களையே எண்ணவில்லை?"

எங்களால் உடனே விடை கூற இயலவில்லை. ஏனென்றால் அந்த வாரத்தில்தான் நாங்கள் நண்பர்களோடு அமர்ந்து, பிள்ளைகளின் தமிழ் குன்றி வருகிறதே என்று வருந்திப் பேசியிருந்தோம். பொறுப்பு யாருடையது என்று எண்ணினோம். ஆசிரியர், பாடநூல், அரசாங்கம், தொலைக்காட்சி, கைப்பேசி என ஐந்து விரலையும் மடக்கினோம். ஐந்தோடு எண்ணிக்கை முடிந்துவிட்டது. எங்களை நாங்கள் எண்ணவே இல்லை.

நம் சமூகத்தார் பிள்ளைகளின் கல்விக்காகப் பாடுபடாதவர் அல்லர். இந்நாட்டில் 1816ஆம் ஆண்டில் பினாங்கில் ஒரு தமிழ் வகுப்பு தொடங்கப்பெற்றது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டுமென்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஒற்றைக் கொட்டகையில் ஓராசிரியர் எல்லா வகுப்புகளையும் நடத்திய பள்ளிகள் பல. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணம் சென்றபோதும், அப்பள்ளிகளைக் காக்கப் பெற்றோரும் பொதுமக்களும் பொருள் திரட்டினர். இன்றும் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் நாட்டில் இயங்குகின்றன. பள்ளிக்காக இத்தனை செய்த நாம், பள்ளி விட்டு வீடு வந்த பிள்ளையின் கையிலிருக்கும் நூலைத் திறந்து பார்க்கிறோமா என்பதே எங்கள் கேள்வி.

இதற்குச் சில மறுப்புகள் எழும் என்பதை அறிவோம்.

நேரமில்லை என்பார் சிலர். விடியுமுன் எழுந்து, வெளிக்காட்டில் பாடுபட்டு, களைத்து வருகிறவர்களின் துன்பத்தை நாங்கள் அறியாதவர் அல்லோம். ஆனால் நாங்கள் கேட்பது கால்மணி நேரமே. தொலைக்காட்சித் தொடரில் விளம்பரங்களுக்குப் போகும் நேரம் அவ்வளவு இருக்குமே!

எங்களுக்குப் படிக்க வராதே என்பார் சிலர். தமிழ்ப்பள்ளிக்குச் செல்லாத பெற்றோரும் நம்மிடையே உள்ளனர். அவர்களுக்கு நாங்கள் கூறுவது இது: பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள், நீங்கள் கேளுங்கள். கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்றாலே பிள்ளையின் குரல் நிமிரும். அடுத்து என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கும் ஒரு கேள்வி, பக்கத்தைப் புரட்ட வைக்கும். எழுத்தறியாத எங்கள் பாட்டி எங்களுக்குக் கதை தந்தார் என்பதை நினைவில் வையுங்கள்.

மலாயும் ஆங்கிலமும் அன்றோ வேலைக்கு வேண்டும் என்பார் சிலர். இரண்டும் வேண்டும், ஐயமில்லை. ஆனால் ஒரு மொழியில் கதையின் சுவையறிந்த பிள்ளை, பிற மொழி நூலையும் தானே தேடி எடுக்கும். சுவையே அறியாத பிள்ளைக்கு எல்லா மொழி நூலும் பாரமே.

அது ஆசிரியரின் கடமை என்பார் சிலர். ஆசிரியர் வகுப்பு முழுமைக்கும் உரியவர். ஒவ்வொரு பிள்ளையையும் தோளில் சாய்த்துக்கொண்டு படித்துக் காட்ட அவரால் இயலுமா? அது வீட்டில்தான் இயலும்.

மேலும் ஒன்று. நெடுங்காலம் நம் வீடுகளில் புத்தகம் என்றாலே தேர்வுப் பயிற்சி நூல் என்றுதான் பொருள். 2021ஆம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்டது. அதன்பின், இனிப் பிள்ளையைப் படிக்க வைப்பது எப்படி என்று கலங்கிய பெற்றோரும் உண்டு. கலங்க வேண்டுவதில்லை. புள்ளிக்காக அன்றி மகிழ்ச்சிக்காகப் படிக்கும் வாய்ப்பு இப்பொழுது வாய்த்திருக்கிறது. ஆகவே படித்துக் காட்டிய பின் கேள்வித்தாள் நீட்டாதீர்கள். அவள் சிரித்தாளா, கேள்வி கேட்டாளா, நாளைக்கும் வேண்டும் என்றாளா என்பதே போதிய மதிப்பீடு.

எங்கள் அனுபவத்தில் பயன் தந்தவற்றைச் சுருங்கச் சொல்கிறோம். நாள்தோறும் ஒரே நேரத்தில் படியுங்கள். கைப்பேசியை வேறோர் அறையில் வைத்துவிடுங்கள். முதலில் நீங்கள் விரும்பிப் படித்த நூலையே எடுங்கள், உங்கள் மகிழ்ச்சி பிள்ளைக்குத் தானே தொற்றும். அதே கதையை மீண்டும் கேட்டால் சலிக்காமல் மீண்டும் படியுங்கள். வாங்க வசதியில்லையெனில் பள்ளி நூலகத்தில் இரவல் பெறலாம். பெண்பிள்ளைக்குக் கட்டாயம் படித்துக் காட்டுங்கள். நம் பாட்டிமார் இழந்த எழுத்தை அவர்களின் பேத்தியர் மடியில் வைப்பது நாம் பட்ட கடன்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அப்பாவோ அம்மாவோ களைத்து அமர்ந்திருந்தால், நீங்களே நூலை எடுத்துக்கொண்டு அருகில் செல்லுங்கள். ஒரு பக்கம் நீங்கள் படியுங்கள். மறு பக்கம் அவர்களைப் படிக்கச் சொல்லுங்கள். மறுக்கமாட்டார்கள்.

மகளின் கேள்விக்கு நாங்கள் மறுநாள்தான் விடை சொன்னோம். மற்றவர்களையே பார்த்துக்கொண்டு எண்ணுகிறவனுக்குத் தன்மேல் கண் போவதில்லை என்றோம். அவள் சற்று நேரம் எண்ணமிட்டுவிட்டு, "அப்படியானால் நாம் தொடங்கும்போதே நம்மை எண்ணிவிட வேண்டும்" என்றாள். அன்று முதல், நூலைத் திறக்குமுன் அவள் விரலை மடக்கி எண்ணுகிறாள்: அப்பா, அம்மா, தம்பி, நான். எண்ணி முடித்த பிறகே படிக்கத் தொடங்குகிறோம்.

பெற்றோர்களே, பிள்ளைகளின் தமிழுக்குப் பொறுப்பாளர் யார் யார் என்று நீங்களும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். யாரும் வந்து முதுகில் அடி வைக்குமுன், எண்ணிக்கையை உங்களிடமிருந்தே தொடங்குங்கள்.