‘இல்லை’ என்று சொல்லுமுன்...

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மத்ரஸாவின் பழைய மாணவர் ஒருவர், தாம் அங்கு ஓதியதற்குச் சான்று வேண்டி என்னிடம் வந்தார். கிடைக்கவிருந்த வேலை ஒன்றிற்கு அது அவருக்கு இன்றியமையாததாக இருந்தது. பழைய பதிவேடுகளை ஆண்டுவாரியாகத் தட்டெழுதி, பல கோப்புகளாகக் கணினியில் சேமித்திருந்தோம். அவற்றைத் தேடுவதற்கென நான் எழுதி வைத்திருந்த சிறு நிரலிடம், ‘முகமது’ என்று தொடங்கும் அவர் பெயரைக் கொடுத்தேன். ஒரு வரிகூட வரவில்லை. ‘இல்லை’ என்று கூறிவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து சென்றார்.

இரவு உறக்கம் வரவில்லை. எழுந்து மீண்டும் பார்த்தேன். பதிவேட்டில் அவர் பெயர் ‘முஹம்மது’ என்றிருந்தது!

பல கோப்புகளில் சொற்களைத் தேடும் கலை புதிதன்று. 1973இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ஸன் என்பார், யூனிக்ஸ் இயங்குதளத்திற்காக ‘கிரெப்’ என்னும் தேடுகருவியை ஆக்கினார். 1987இல் லாரி வால் ‘பெர்ல்’ மொழியையும், 1991இல் கைடோ வான் ராஸம் ‘பைத்தான்’ மொழியையும் வெளியிட்டனர். இம்மொழிகளில் பத்துப் பதினைந்து வரிகள் எழுதினால் போதும். நிரல் ஒவ்வொரு கோப்பாகத் திறக்கும். வரி வரியாகப் படிக்கும். கேட்ட சொல் கிடைத்தால் கோப்பின் பெயரையும் வரியின் எண்ணையும் தெரிவிக்கும். சலிப்பு என்பதே அதற்கில்லை.

ஆனால், நாம் கேட்டதைத்தான் அது தேடும். நாம் நினைத்ததைத் தேடாது.

இதற்கும் வழியுண்டு. சொல்லுக்குப் பதிலாக ஒரு வார்ப்பைக் கொடுக்கலாம். மு[கஹ](ம்)?மது என்று எழுதினால், ‘க’ அல்லது ‘ஹ’ எது வந்தாலும் ஏற்றுக்கொள். ‘ம்’ இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி என்பது பொருள். முகமது, முகம்மது, முஹமது, முஹம்மது ஆகிய நான்கும் ஒரே வலையில் சிக்கும். எனினும் ‘முஹம்மத்’ தப்பிவிடும்! வலையின் கண்களை நாம்தாம் அறிந்து பின்ன வேண்டும்.

இன்னொரு மறைவான பள்ளமும் உண்டு. யூனிகோடு பரவுமுன் தட்டெழுதிய பழைய கோப்புகளில், திரையில் தமிழாகத் தோன்றுபவை உள்ளே வேறு குறியீடுகளாக இருக்கும். யூனிகோடிலும் ‘கொ’வின் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கோ வெவ்வேறு. எனவே, தேடுமுன் யாவற்றையும் ஒரே முறைக்கு மாற்றிக்கொள்வது அவசியம்.

வாசகர்களே! கோப்பில் இருப்பதாக நீங்கள் உறுதியாக அறிந்த ஒரு பெயரை முதலில் தேடிப் பாருங்கள். அதையே நிரல் காணாவிடில், அதன் ‘இல்லை’யை நம்பாதீர்கள். அது கண்டுபிடித்தாலும், பெயரை எத்தனை விதமாக எழுதக்கூடும் என்று பெயருக்குரியவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை அந்த மாணவரின் வீடு தேடிச் சென்று சான்றைக் கையில் கொடுத்து, மன்னிப்பும் கேட்டேன். கணினி ‘இல்லை’ என்றால், ‘கேட்ட வடிவில் கிடைக்கவில்லை’ என்பதே பொருள். அதை ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்து ‘இல்லை’ என்று மொழிபெயர்ப்பவர்கள் நாமே. அந்தப் பொறுப்பு எந்த நிரலுக்கும் இல்லை.