கப்பலும் அணிலும்

வாரணாசியில் ஏறினால் அசாமில் திப்ருகரில் இறக்கிவிடுகிற கப்பல் ஒன்று இருக்கிறது. பெயர் 'கங்கா விலாஸ்'. (ஓட்டல் என்று நினைத்து ரெண்டு இட்லி, ஒரு வடை சொல்லிவிடாதீர்கள்.) 2023 ஜனவரியில் பிரதமர் கொடியசைத்து அனுப்பிவைத்தார். 51 நாள். சுமார் 3,200 கிலோமீட்டர். நடுவில் பங்களாதேஷ் வேறு. வழியில் சுந்தரவனம், காசிரங்கா, காண்டாமிருகம் என்று சகலமும் உண்டு. டிக்கெட் பல லட்சம்.

ஆபீஸ் போகிற நண்பரிடம் சொன்னேன். "பணத்தை விடுங்க சார். வருஷத்துக்கே பன்னெண்டு சி.எல். அம்பத்தோரு நாளுக்கு எந்த மேனேஜர் கையெழுத்துப் போடுவார்?" என்றார். நியாயமான கேள்வி.

ஆனால் அந்தக் கப்பலில் கவனிக்க வேண்டிய நம்பர் வேறே. அறைகள் 18. பயணிகள் 36 பேர். அவ்வளவேதான். காலை எட்டரை மணி டவுன் பஸ்ஸில் டிரைவரைச் சுற்றியே அத்தனை பேர் நிற்பார்கள். கங்கையைப் பார்க்கக் காசு வேண்டாம், படித்துறையில் உட்கார்ந்தே பார்க்கலாம். அப்புறம் எதற்கு லட்சம்? கூட்டம் இல்லாமல் இருப்பதற்கு!

இந்த வியாபாரத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் லார்ஸ் எரிக் லிண்ட்பிளாட். ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவில் டிராவல் கம்பெனி நடத்தியவர். 1966-ல் வாடகைக் கப்பலில் டூரிஸ்டுகளை அண்டார்டிகாவுக்குக் கூட்டிப்போனார். 1969-ல் இதற்கென்றே சுமார் நூறு பேர் போகிற சின்னக் கப்பலையே கட்டிவிட்டார். கப்பல் தள்ளி நிற்கும். ரப்பர் படகில் சிறு சிறு கோஷ்டியாகக் கரைக்குப் போக வேண்டும். கூடவே விஷயம் தெரிந்த விஞ்ஞானிகள் வந்து பென்குவின் பற்றிப் பாடம் நடத்துவார்கள். (பின்னாளில் கைமாறிய அந்தக் கப்பல் 2007 நவம்பரில் பனிக்கட்டியில் மோதி மூழ்கியது. டைட்டானிக் கதையேதான், ஆனால் கிளைமாக்ஸ் சுபம். 154 பேரும் பிழைத்தார்கள்.)

போட்டிக்கு ஆள் பெருகியதும் 1991-ல் ஏழு கம்பெனிகள் கூடி ஒரு சங்கம் வைத்தன. சங்கம் என்றால் ரேட்டை ஏற்றுவார்கள் என்றுதானே நினைப்போம்? இவர்கள் ஆளைக் குறைத்தார்கள். ஓர் இடத்தில் ஒரே சமயத்தில் நூறு பேருக்கு மேல் இறங்கக் கூடாது. ஐந்நூறு பேருக்கு மேல் ஏற்றி வரும் கப்பல் யாரையுமே இறக்கக் கூடாது. பென்குவினிடமிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நில். அதுவாக நடந்து கிட்டே வந்தால் வழிவிடு. நல்லெண்ணம் பாதி, கணக்கு பாதி. பென்குவின் ஓடிவிட்டால் அப்புறம் வெறும் ஐஸைப் பார்க்க யார் டாலர் கொடுப்பார்கள்?

சின்னதுதான் உள்ளே போகும் என்பது பிச்சாவரத்தில் துடுப்புப் படகு வலிக்கிறவருக்கு எந்தச் சங்கமும் சொல்லாமலே தெரியும். சுரபுன்னைக் காட்டுக்குள் ஓடும் சந்து வாய்க்கால்களில் குனிந்து நுழைவது அந்தப் படகுதான். பெரிய படகு அகலத் தண்ணீரிலேயே நின்றுவிடும்.

சரி, படகும் வேண்டாம், கப்பலும் வேண்டாம் என்கிறவர்களுக்கு இருக்கிறது செண்பகத்தோப்பு. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரம். இந்தப் பக்கத்து மலைக்காட்டை 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆக்கினார்கள். 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமும் ஆகிவிட்டது. அணில் என்றதும் முதுகில் மூன்று கோடு போட்ட ராமாயண அணிலை நினைக்காதீர்கள். இது பூனை சைஸ். உடம்பு நீளத்துக்கு வால். உலகத்திலேயே தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் உண்டு.

இதன் வாழ்க்கை முழுக்க மாடியிலேதான். கிளை விட்டுக் கிளை தாவியே சாப்பாடு, தூக்கம், குடும்பம் எல்லாம். நடுவில் ஒரு மரத்தை வெட்டினால் அதற்குப் பாலம் உடைந்த மாதிரி. தரையில் இறங்கியாக வேண்டும். தரையில் நாய் இருக்கும். (பக்கத்து ஊர் ராஜபாளையம் என்பதை நினைவில் கொள்க.)

போன வருஷம் மூன்று பேராகப் போயிருந்தோம். கூட வந்தவர் பளியர் குடியிருப்பைச் சேர்ந்த பெரியவர். "பேசாம நில்லுங்க தம்பி" என்றார். நின்றோம். பத்து நிமிஷத்தில் கழுத்து வலித்தது. இருபதாவது நிமிஷம் மேலே இலை அசைந்தது. கிளையில் குப்புறப் படுத்து, வாலைத் தொங்கவிட்டு, ஒரு காயைச் சாவகாசமாகக் கொறித்துக்கொண்டிருந்தார் அணிலார். மூன்று பேரும் மூச்சு விடவில்லை.

அந்த நேரம் பார்த்து வந்தது ஒரு வேன். இருபது பேர், ஒரு ஸ்பீக்கர், குத்துப்பாட்டு. நிமிர்ந்தால் கிளை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"கூட்டம் வந்தா அது மேல போயிரும் தம்பி. வாரவங்க ஒண்ணுமே இல்லையேன்னு எங்களை ஏசிட்டுப் போவாங்க" என்றார் பெரியவர். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஸ்பீக்கர் போட்டவர்களோ மேலே ஒரு தடவைகூடப் பார்க்காமல் ஃபோட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அண்டார்டிகாவில் போட்ட அதே கணக்குதான் இங்கேயும். காடு மூடப்பட்டால் நமக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நஷ்டம். காடு கெட்டால் அணிலுக்கு வீடே நஷ்டம். ஆகவே வனத்துறை அனுமதிக்கிற நேரத்தில், அனுமதிக்கிற தூரம் வரை, நாலு பேராகப் போங்கள். காலையில் சீக்கிரமே போங்கள். செல்போனை ஊமையாக்குங்கள். கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்குக் கூப்பிட்டு, கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். லிண்ட்பிளாட் விஞ்ஞானியை வைத்துச் செய்ததை இவர் அனுபவத்தில் செய்வார்.

திரும்பும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் கால் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டால், கங்கா விலாஸில்கூடக் கிடைக்காத பேக்கேஜ். ஒரு நாள் சி.எல். போதும். மேனேஜர் கையெழுத்துப் போடுவார். கூட வருகிறேன் என்றும் சொல்வார்.

அவரைச் சேர்த்து நாலு பேர்தானா என்று மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள்.