பெயிண்ட் வரும், விரல் வருமா?

வாரத்துல அஞ்சு நாள் பொட்டி தட்டறது, சனிக்கிழமை ஆனா சேத்துல வண்டிய இறக்கறது. இதான் கொஞ்ச வருஷமா நம்ம பொழப்பு. வண்டி என்னுது இல்லீங்க. நண்பனோட அப்பா வச்சிருந்த பழைய மஹிந்திரா எம்எம் 540. அவர் போனதுக்கப்புறம் விக்க மனசு வராம, நண்பனே எஞ்சின் வேலை பாத்து, புதுசா பெயிண்ட் அடிச்சு, முன்னாடி ஒரு எலெக்ட்ரிக் வின்ச்சும் மாட்டிட்டான். அந்த ஜீப்ல ஒரு கீறல் விழுந்தா அவன் மூஞ்சி எப்படிப் போகும்னு சொல்லத் தேவையில்ல.

இந்தக் கதையே அந்தக் கீறலைப் பத்தினதுதான்.

ஒரு ஐப்பசி மழைக்கப்புறம் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்போரம் ஓடையில இறங்கினோம். பின்சக்கரம் ரெண்டும் முழுசாப் புதைஞ்சு போச்சு. நேர் எதிர்ல வெறும் மண் கரை. வலது பக்கம் நல்லாத் தள்ளி ஒரு புளியமரம். சரி, இருக்கறத வச்சு இழுப்போம்னு கேபிளை அதுல கட்டிட்டு பட்டனை அழுத்தினான். வண்டி நகர ஆரம்பிச்சதும் 'கர்ர்ர்'னு ஒரு சத்தம். கேபிள் பம்பரோட வலது விளிம்புல உரசி, பெயிண்ட்டைச் சீவிக்கிட்டே போகுது!

நான் என்ன பண்ணினேன் தெரியுமா? ஓடிப்போய் கேபிளைக் கையால வெளிய தள்ளினேன். கையுறை போட்டிருந்தேன்ல, அந்தத் தைரியம். அறுந்து துருத்திக்கிட்டிருந்த ஒரு கம்பி இழை கையுறையில கொக்கி போட்டு, அப்படியே உருளைப் பக்கமா இழுத்துச்சு. கையுறை கொஞ்சம் பெரிய சைஸு, அதனால கை உருவிக்கிட்டு வந்துருச்சு. கையுறை உள்ள போயிருச்சு.

பக்கத்துல டிராக்டர் ஓட்டிக்கிட்டிருந்த அண்ணன் ஒருத்தர் எறங்கி வந்து, எங்க ரெண்டு பேரையும் பாத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஏன் தம்பி, பெயிண்ட் அடிச்சா வந்துரும். விரல் வருமா?"

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. அப்புறம் உக்காந்து யோசிச்சதுல ஒரு முடிவுக்கு வந்தேன். வண்டி மூக்கைக் காப்பாத்தற வேலையெல்லாம் பட்டனை அழுத்தறதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும். கேபிள் இறுகினதுக்கப்புறம் செய்யற எதுவும், லைவ் சர்வர்ல நேரடியா கோடு மாத்தற மாதிரிதான். நம்ம தொழில்லயாவது சர்வர்தான் படுக்கும். இங்க ஆளே படுத்துருவான்.

எங்க தப்பு எங்கேன்னு பாத்தா, முதல் தப்பு மாட்டின விதத்துலயே இருக்கு. கேபிள் வெளிய வர்ற வாசல்ல நாலு உருளை வச்ச ஒரு சட்டம் இருக்கும், ஃபேர்லீட்னு சொல்லுவாங்க. கேபிள் எந்தக் கோணத்துல போனாலும் வண்டியில தொடற ஒரே இடம் அதுவாத்தான் இருக்கணும். எங்க ஜீப்ல அது பம்பருக்கு உள்ள தள்ளி உக்காந்திருந்துச்சு. பாக்க அழகா இருக்கும்னு பட்டறையில அப்படி வைக்கச் சொன்னதே நாங்கதான். நேரா இழுக்கற வரைக்கும் பிரச்சினை தெரியல. சாய்ச்சு இழுத்த உடனே பம்பர் விளிம்பே உருளை வேலை பாக்க ஆரம்பிச்சிருச்சு.

ரெண்டாவது தப்பு கோணம். பக்கவாட்டுல இழுத்தா கேபிள் டிரம்முல சீரா சுத்தாது, ஒரே ஓரத்துல மலை மாதிரி குவியும். குவியல் பெருசானா வின்ச் உடம்பையும் சுத்தி இருக்கற சட்டத்தையும் நெருக்கும். எங்க பம்பரோட மேல்தகடு வளைஞ்சது இதனாலதான். கொஞ்சம் இழுத்ததும் நிறுத்தி, இறுக்கத்தைத் தளர்த்தி, கேபிளை வெளிய விட்டு, திரும்ப ஒழுங்கா சுத்தியிருக்கணும். யாருக்குப் பொறுமை இருந்துச்சு?

வேற என்ன பண்ணியிருக்கலாம்? தூரமா ஒரு மரம் பாத்திருக்கலாம். தூரம் கூடக்கூட சாய்வு குறையும். இன்னொரு லாபமும் உண்டு. வின்ச் மேல போட்டிருக்கற இழுவைத் திறன், டிரம்முல முதல் அடுக்கு மட்டும் சுத்தியிருக்கறப்ப கிடைக்கறது. மேல அடுக்கு ஏற ஏற பலம் குறையும். அதனால கேபிளை நிறைய வெளிய விட்டா பலமும் கூடும். (அதுக்காக மொத்தத்தையும் உருவிடாதீங்க. ஸ்டீல் கேபிள்னா குறைஞ்சது 5 சுத்தாவது டிரம்முல இருக்கணும்.)

இல்லன்னா கரைக்கு மேல ஆளுக்கொரு பக்கமா இருந்த ரெண்டு தென்னைக்கும் பட்டை போட்டு, நடுவுல ஒரு கப்பியை மாட்டியிருக்கலாம். இழுவை நேராக் கிடைச்சிருக்கும். ஆனா அந்த ரெண்டு பட்டைக்கும் நடுவுல கோணம் ரொம்ப விரியக் கூடாது. 120 டிகிரி ஆச்சுன்னா ஒவ்வொரு பட்டையும் பாதி பாரம் இல்ல, முழு பாரத்தையே தாங்கும். முதல் வருஷம் மெக்கானிக்ஸ் பேப்பர்ல எழுதினதுதான், பரீட்சை முடிஞ்சதும் மறந்தாச்சு. கப்பி வழியா கேபிளைத் திருப்பி வண்டிக்கே கொண்டுவந்தா வின்ச்சுக்குப் பாரம் பாதியாகும், வேகமும் பாதியாகும். ஆனா அந்தக் கொக்கியை சேசிஸ்ல இருக்கற இழுவைக் கொக்கியிலதான் மாட்டணும். பம்பர்ல மாட்டினா கீறலோட நிக்காது, பம்பரே கழண்டு வரும்.

இதையெல்லாம் சொன்னா நம்ம கூட்டத்துல மூணு விதமா பதில் வரும்.

முதல் கோஷ்டி: "ஜீப்புக்குக் கீறல்தான்டா மெடல்." ஒத்துக்கறேன், மரக்கிளை போட்ட கீறல்னா. கேபிள் போட்ட கீறல் நான் தப்பா இழுத்ததுக்குச் சாட்சி. அது எர்ரர் லாக் மாதிரி. படிச்சுட்டுத் திருந்தணும், ஃப்ரேம் போட்டு மாட்டக் கூடாது.

ரெண்டாவது கோஷ்டி: "சிந்தெடிக் கயிறு போட்டுரு, தீந்துது பிரச்சினை." லேசு, கையில குத்தற இழை கிடையாது, அறுந்தாலும் ஸ்டீல் அளவுக்கு வெறியோட அடிக்காது. எல்லாம் சரி. ஆனா பம்பர் விளிம்பு அதே இடத்துலதானே இருக்கு? ஸ்டீல் கேபிள் பம்பரைச் சீவுச்சு, இப்ப பம்பர் கயித்தைச் சீவும். ஸ்டீல் கேபிள் ஓடி சொரசொரப்பான பழைய உருளையில புதுக் கயித்தை விட்டாலும் இதே கதிதான். கயிறு மாத்தினா வழவழப்பான அலுமினிய வாசலையும் சேத்து மாத்துங்க.

மூணாவது கோஷ்டி: "பெரிய இரும்பு பம்பர் போடு." எடை கூடும், முன் ஸ்பிரிங் உக்காரும். போதாததுக்கு, இந்த மாதிரி கம்பி பம்பர்கள் மேல நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பர்ல மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதினது ஞாபகம் இருக்கட்டும். முக்கியமா, தப்பான கோணம் பெரிய பம்பர்லயும் தப்பான கோணம்தான்.

இப்ப எங்க வழக்கம் இதுதான். பட்டனைத் தொடறதுக்கு முன்னாடி ஒருத்தன் டிரம்முல இருந்து மரம் வரைக்கும் கேபிள் போற பாதையைக் கண்ணால ஒரு தரம் நடந்து பாக்கணும். ஃபேர்லீட் தவிர வேற எங்கயாவது தொடுமா? தொடும்னா இழுக்கறதில்ல, வேற இடம் தேடறது. கேபிள் மேல நனைஞ்ச சாக்கு ஒண்ணு. எல்லாரும் தள்ளி நிக்கணும். எங்கயாவது உரசற சத்தம் கேட்டா செய்யக்கூடிய ஒரே வேலை, பட்டன்ல இருந்து கையை எடுக்கறது. கடைசி ஒரு மீட்டரை விட்டு விட்டுத்தான் சுத்தறோம். கொக்கி வாசல்ல மோதி உருளை வளையற கதை தனிக் கதை, அதையும் அனுபவிச்சாச்சு :-)

ஃபேர்லீட்டை வெளிய தள்ளி மாட்டியாச்சு. மேல்தகடையும் நிமித்தியாச்சு. பாக்கக் கொஞ்சம் அசிங்கமாத்தான் இருக்கு. பம்பரோட வலது விளிம்புக்கு மட்டும் நண்பன் இன்னும் பெயிண்ட் அடிக்கல. துரு ஏறக் கூடாதுன்னு பிரைமர் மட்டும் பூசி வச்சிருக்கான். ஏன்டா மாப்ள விட்டு வச்சிருக்கேன்னு கேட்டேன்.

"நீ அடுத்த தடவை கையை நீட்டறப்ப அது கண்ணுல படணும்"னான்.

அவன் அப்பா இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்னு நினைக்கிறேன்.

டிஸ்கி: உள்ள போன கையுறையைக் கத்தியால கிழிச்சுத்தான் எடுத்தோம். நடுவிரல் பகுதி கடைசி வரைக்கும் கிடைக்கவே இல்ல.